முந்நூற்று ஐம்பது டிகிரி

மேடையில் வீற்றிருக்கும் இயக்குநர் அவர்களே, அவருக்கு வலப்பக்கம் அமர்ந்து கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும் துறைத்தலைவர் ஐயா அவர்களே, அன்றைய விசாரணைக் குழுவில் கூட இருந்து கையெழுத்துப் போட்ட பேராசிரியர்கள் இருவரே, முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் மறைந்த மேடத்தின் கணவர் அவர்களே, அவருடைய ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியிலிருந்து வந்திருக்கும் நண்பர்களே, ஆய்வு மாணவ மாணவிகளே, முதலாண்டுப் பிள்ளைகளே, கதவோரம் நிற்கும் காவலர் அண்ணே, எல்லோருக்கும் என் வணக்கம்!

மேடை ஏறும்போது என் கையில் ஒரு துண்டுச் சீட்டைத் திணித்தார்கள். அப்படியே படிக்கிறேன். ‘மூன்று நிமிடம். பொதுவாகப் பேசவும்.’ பொதுவாகவா? எனக்கு அது வராது. இருபத்தெட்டு வருடமாக இந்தக் கட்டடத்தின் அடித்தளத்தில் வெற்றிடப் பம்புகளுக்கு நடுவே வேலை பார்க்கிறவன் நான். பம்பு ஓடும்போது பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்க வேண்டுமென்றால் கத்தித்தான் ஆக வேண்டும். அதனால் மைக்கை அணைத்துவிடலாம் என்று யாராவது நினைத்தால் தாராளமாக அணைத்துக்கொள்ளுங்கள். கடைசி வரிசை வரைக்கும் கேட்கும்.

உங்களில் பல பேருக்கு என்னைப் பம்பு அண்ணன் என்றுதான் தெரியும். பேராசிரியர்கள் பம்பு என்று கூப்பிடுவார்கள். மரியாதையும் மிச்சம், நேரமும் மிச்சம். மேடம் ஒருவர்தான் யார் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ‘அண்ணா’ என்பார். நான் நாலு பேருக்கு முன்னால் மேடம் என்பேன், யாரும் இல்லாவிட்டால் தங்கச்சி என்பேன். இன்றைக்கு இரண்டும் கலந்துதான் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு முன்னால் துறைத்தலைவர் ஐயா இருபது நிமிடம் பேசினார். என்ன பேச்சு! என்ன உருக்கம்! ‘ஈடு செய்ய முடியாத இழப்பு’ என்று ஏழு தடவை சொன்னார், நான் எண்ணிக்கொண்டிருந்தேன். ‘விதி விளையாடிவிட்டது’ என்றார். ஐயா, விளையாடியது விதியா? அந்த விதி கையெழுத்துப் போடுமா? தேதி எழுதுமா? நான் சொல்கிற விதிக்குக் கையெழுத்து இருக்கிறது, தேதி இருக்கிறது, அது இதோ என் கக்கத்தில் இருக்கிற இந்த ரிஜிஸ்டரில் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் அவர் யார் என்று சொல்ல வேண்டும். ஏனென்றால் ஐயாவின் இருபது நிமிடத்தில் சிறந்த ஆசிரியை வந்தது, அன்பானவர் வந்தது, புன்னகை மூன்று முறை வந்தது. அவர் கண்டுபிடித்தது ஒரு முறைகூட வரவில்லை!

ஓட்டுநர் பள்ளி நண்பர்களுக்காகச் சொல்கிறேன். பென்சிலில் இருக்கிற கரி, ஆயிரக்கணக்கான மெல்லிய ஏடுகளின் அடுக்கு. அதிலிருந்து ஒரே ஓர் ஏட்டை, ஓர் அணு கனம் மட்டுமே உள்ள ஏட்டை, உரித்தெடுக்க முடியும். அந்த ஏட்டில் கரி அணுக்கள் குளியலறைத் தரையில் பதிக்கிற ஆறுமூலை ஓடு மாதிரி வரிசையாகக் கைகோத்து நிற்கின்றன. நிற்கின்றன என்றா சொன்னேன்? தப்பு. அணு ஒரு நொடிகூடச் சும்மா நிற்காது. ஒன்றையொன்று இழுத்தும் தள்ளியும் அதிர்ந்துகொண்டே இருக்கும். அந்த அதிர்வுக்கு ஒரு தாளம் உண்டு. தனி ஏட்டுக்கு ஒரு தாளம். இரண்டு ஏட்டை நேராக அடுக்கினால் வேறு தாளம். மேல் ஏட்டைக் கொஞ்சமே கொஞ்சம் திருப்பிக் கோணலாக வைத்தால் என்ன தாளம்? அதுதான் மேடத்தின் கேள்வி. பதினாறு வருடம் அந்த ஒரு கேள்வியோடு குடித்தனம் நடத்தினார். அவருக்குக் கோணல் மேடம் என்று பட்டப்பெயர் வைத்தது நான்தான். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். ‘எத்தனை டிகிரி கோணல்னு சேர்த்துச் சொல்லுங்கண்ணா, அப்பத்தான் முழுப் பெயர் ஆகும்’ என்றார்.

அந்த ஏடு எவ்வளவு பெரியது தெரியுமா? ஒரு தலைமுடியின் அகலத்துக்குள் ஐந்து ஏட்டை வரிசையாக வைக்கலாம். அதில் பாதியைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டிய பசைத்துளியால் தொட்டு எடுத்து, மேசையை ஒன்றே கால் டிகிரி திருப்பி, மிச்சப் பாதியின் மேல் இறக்க வேண்டும். ஒன்றே கால்! ஒன்றரை ஆனால் தூக்கிப் போடு. ஒன்று ஆனால் தூக்கிப் போடு. யாராவது மாடியில் தொப்பென்று நடந்தால் தூக்கிப் போடு. அவர் ஏடு இறக்கும்போது அடித்தளத்தில் நாங்கள் யாரும் செருப்புப் போட மாட்டோம். தும்மல் வந்தால் வெளியே ஓடிவிடுவோம்.

இயக்குநர் அவர்களே, எட்டு ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை ஆனாலே இந்தக் கட்டடத்தில் லிஃப்ட் பழுதாகிவிடும், நினைவிருக்கிறதா? மூன்று தடவை மெக்கானிக்கை வரவழைத்தீர்கள். அவன் தலையைச் சொறிந்துகொண்டு ‘ஒரு கோளாறும் இல்லையே சார்’ என்று போனான். அவன் சொன்னது நிஜம். லிஃப்ட் ஓடினால் மேடத்தின் மேசை நடுங்கும். அதனால் ‘பழுது’ என்று பலகை எழுதி மாட்டியது அவர். ஆணி அடித்தது நான். நீங்கள் நான்கு மாடி ஏறி மூச்சு வாங்கினீர்கள். இன்றைக்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். சிரிக்கிறீர்கள்! நல்லது. தங்கச்சிக்குப் பிடித்தது அதுதான். இன்னும் கொஞ்ச நேரம்தான் சிரிக்க முடியும், சிரித்துக்கொள்ளுங்கள்.

மாப்பிள்ளை இதோ உட்கார்ந்திருக்கிறார். எனக்குத் தங்கச்சி என்றால் அவர் மாப்பிள்ளைதானே. ஒரு தடவை அடித்தளத்துக்கு வந்து எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: ‘எட்டு நாள்ல நான் லாரி ஓட்டவே சொல்லிக்கொடுத்துடறேன் மச்சான். இவ என்னடான்னா ரெண்டு தாளை ஒண்ணு மேல ஒண்ணு வைக்க எட்டு வருஷமா முக்கறா!’ மேடம் மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையை எடுக்காமலே, ‘உங்க ஆளுங்க வண்டியை ஒண்ணே கால் டிகிரியில நிறுத்திக் காட்டட்டும், அப்புறம் பேசலாம்’ என்றார்.

அப்படி முக்கி முக்கி, ஏழு வருடத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை, அது வந்தது.

என் மெஷினில் செய்கிற வேலை இதுதான்: ஏட்டின் மேல் லேசர் ஒளியைப் போடுவோம். திரும்பி வருகிற ஒளியின் நிறம் கொஞ்சம் மாறியிருக்கும். எவ்வளவு மாறியது என்பதைப் பார்த்து, உள்ளே அணுக்கள் எந்தத் தாளத்தில் அதிர்கின்றன என்று சொல்லிவிடலாம். திரையில் அது மேடு மேடாகத் தெரியும். அன்றைக்கு, யாரும் எதிர்பார்க்காத இடத்தில், ஒரு சின்ன மேடு. எறும்புப் புற்று அளவுக்கு. நான் மெஷின் கோளாறு என்றேன். அவரும் அப்படித்தான் நினைத்தார். லேசரை மாற்றச் சொன்னார். மெஷினின் கோளாறாக இருந்தால் லேசரை மாற்றினாலும் அந்த மேடு இருந்த நிறத்திலேயே நிற்கும். நிஜமான அதிர்வாக இருந்தால் லேசரோடு கூடவே நகரும். நகர்ந்தது! பச்சைக்கு மாற்றினோம், நகர்ந்தது. சிவப்புக்கு மாற்றினோம், நகர்ந்தது. பதினோரு தடவை அளந்தோம். பதினோராவது தடவை தங்கச்சி தரையில் உட்கார்ந்துவிட்டார். ‘அண்ணா, ரெண்டு ஏடும் சேர்ந்து புதுசா ஒண்ணு பேசுதுண்ணா’ என்றார். எனக்கு உடம்பு சிலிர்த்தது. இருபத்தெட்டு வருடத்தில் இந்த மெஷினில் எனக்கு அப்படி ஆனது அந்த ஒரு நாள்தான்.

அவர் அந்த வரைபடத்தை எடுத்துக்கொண்டு நேராக யாரிடம் போனார்? வேறு யாரிடம்? தன் துறைத்தலைவரிடம்! நானும் போனேன், மெஷின் விவரம் கேட்டால் சொல்ல வேண்டுமே. ஐயாவின் அறை. வலது சுவரில் அவர் வாங்கிய பதக்கங்கள். இடது சுவரில் அவர் போட்ட கணக்கின் பெரிய அச்சு. அந்தக் கணக்கு என்ன சொல்கிறது? ஒன்றே கால் டிகிரியில் அந்த இடத்தில் எந்த அதிர்வும் இருக்க முடியாது என்று சொல்கிறது. ஊர் ஊராக மேடை ஏறி ஐயா சொன்ன கணக்கு அது.

“இது இருக்க முடியாதும்மா.”

“இருக்கு சார். பதினோரு தடவை பார்த்தாச்சு.”

“என் கணக்குப்படி இருக்க முடியாது.”

“அப்ப கணக்கைத்தான் சார் மறுபடி பார்க்கணும்.”

ஒரு குறும்பும் இல்லாமல், வெறுப்பும் இல்லாமல், கடைக்காரரிடம் பழத்தில் புழு இருக்கிறது என்று சொல்வது போலச் சொன்னார். ஐயா சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் பார்த்தேன். இன்றைக்குப் ‘புன்னகை’ என்று மூன்று தடவை சொன்னாரே, எனக்கு ஞாபகம் வந்தது அவருடைய அந்தப் புன்னகைதான்.

மேடம் கட்டுரை எழுதி வெளியிட்டார். எட்டு மாதம் கழித்து விசாரணை வந்தது. ‘முடிவில் சந்தேகம் இருக்கிறது, சாம்பிளை நாங்களே சோதிப்போம்’ என்று மூன்று பேர் குழு. தலைவர் யார்? ஐயாதான்! தன் கணக்கைத் தப்பென்று சொன்ன அளவீட்டைச் சோதிக்கத் தானே தலைவர்! மேடத்தை அடித்தளத்துக்குள் வரக் கூடாது என்றார்கள். சாம்பிள் பெட்டி என் கைக்கு வந்தது. பெட்டியின் மேல் தங்கச்சியின் கையெழுத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது: ‘சூடு கூடாது.’

இங்கே எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். ஏடு எடுக்கிற பசை கொஞ்சம் மேலேயே தங்கிவிடும். அதைப் போக்க சாம்பிளை உலையில் வைத்துச் சூடு பண்ணுவோம். இருநூறு டிகிரி, ஒரு மணி நேரம். சட்டையைத் துவைப்பது மாதிரி. யாரும் யோசிக்க மாட்டார்கள். அளப்பதற்கு முன்னால் ஐயா கீழே வந்தார்.

“அழுக்கா இருக்கு. உலையில வை.”

“மேடம் சூடு கூடாதுன்னு எழுதியிருக்காங்களே சார்.”

“அவங்க எழுதினதை எல்லாம் நம்பித்தானே இந்த விசாரணையே வந்துது? வைய்யா.”

“இருநூறா சார்?”

“முந்நூற்று ஐம்பது. மூணு மணி நேரம்.”

வைத்தேன். இந்தக் கையால் வைத்தேன். உலை ரிஜிஸ்டரில் தேதி எழுதினேன், நேரம் எழுதினேன், வெப்பம் எழுதினேன். ‘உத்தரவிட்டவர்’ என்ற கட்டத்தில் வழக்கப்படி ஐயாவிடம் கையெழுத்து வாங்கினேன். பேனாவை எடுத்துக் கொடுத்ததும் நான்தான்.

மறுநாள் அளந்தோம். மேடு இல்லை. மூன்று பேராசிரியர்களும் திரையைப் பார்த்தார்கள். பதினோரு வரியில் அறிக்கை. ‘குறிப்பிட்ட அதிர்வு காணப்படவில்லை. முடிவு கவனக்குறைவால் அல்லது வேறு காரணத்தால் எழுந்தது.’ வேறு காரணம்! அந்த இரண்டு வார்த்தையில் ஒரு பெண்ணை மோசடிக்காரி ஆக்கிவிட்டார்கள். கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. பதினாறு வருடம் ஏடு இறக்கிய கையை முதலாண்டு ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். நூலில் குண்டைக் கட்டி ஆட விட்டு, ‘இருபது ஆட்டம் எண்ணு’ என்று சொல்லிக்கொடுக்கிற வேலை. ஆறு வருடம்!

முதலாண்டுப் பிள்ளைகளே, நீங்கள் அழுகிறீர்கள். உங்களுக்குத் தெரியும் அவர் எப்படிச் சொல்லிக்கொடுத்தார் என்று. கணக்கில் விடை தப்பாக வந்த பிள்ளையை ஒரு நாளாவது திட்டியிருக்கிறாரா? ‘அளந்தது என்னவோ அதை எழுது. புத்தகத்துல இருக்கறதை எழுதாதே’ என்பார். அது வெறும் பாடம் என்று நினைத்தீர்களா? அது அவருடைய வழக்கு. கேட்க ஆள் இல்லாததால் உங்களிடம் வாதாடிக்கொண்டிருந்தார்.

இப்போது என் பங்கு. இதைச் சொல்லாமல் இறங்கினால் நான் மனிதனே இல்லை.

சூடு பண்ணினால் என்ன ஆகும் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. நாலு வருடத்துக்கு முன்னால், ஓர் ஆய்வு மாணவி தன் கருத்தரங்கப் பேச்சை என் மெஷின் அறையில் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஸ்பேனரோடு கீழே படுத்திருந்தேன். ‘கோணலாக வைத்த ஏடுகளை முந்நூறு டிகிரிக்கு மேல் சூடாக்கினால் மேல் ஏடு தானாகவே திரும்பி நேராகிவிடும். கோணம் போய்விடும்’ என்றார். எழுந்து உட்கார்ந்து, ‘இது யாரும்மா சொன்னது?’ என்று கேட்டேன். ‘நம்ம சார்தான் அண்ணா. பழைய கட்டுரை. நாற்பத்தொன்றாம் பக்கம்’ என்றார்.

கேட்டீர்களா? நம்ம சார்! விசாரணைக்கு மூன்று வருடம் முன்னால் ஐயா தன் கையால் எழுதிய கட்டுரை! முந்நூறு டிகிரிக்கு மேல் கோணம் போய்விடும் என்று உலகத்துக்குச் சொன்னதே அவர்தான்! அவர்தான் என்னிடம் வந்து, இருநூறு போதாது, முந்நூற்று ஐம்பது வை என்றார். முட்டையை அவித்து வைத்துவிட்டு, குஞ்சு பொரிக்கவில்லை, கோழி பொய் சொல்கிறது என்று அறிக்கை எழுதினார்!

தெரிந்த பிறகு நான் என்ன செய்தேன்? ரிஜிஸ்டரை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினேனா? தங்கச்சியிடம் போய்க் காலில் விழுந்தேனா? ஒன்றும் செய்யவில்லை. நாலு வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். பயம். அதற்கு வேறு பெயர் வைக்க நான் விரும்பவில்லை.

போன மாதம் மேடம் அடித்தளத்துக்கு வந்தார். ஆறு வருடத்தில் முதல் தடவை. கையில் ஒரு நோட்டு. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார், பழைய பழக்கம். உட்காரவில்லை.

“அண்ணா, என் தப்பு எங்கன்னு ஆறு வருஷமா தேடறேன். பதினாலு நோட்டு ஆச்சு. ஒவ்வொண்ணா அடிச்சுட்டு வந்தேன். மிச்சம் இருக்கறது ஒண்ணே ஒண்ணு. யாராச்சும் அதைச் சூடு பண்ணினாங்களா?”

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். இளைத்துப்போயிருந்தார். அந்த நேரத்தில் ஒரே ஒரு வார்த்தை போதும். ‘ஆமாம்’ என்று ஒரு வார்த்தை. ஓய்வு பெற எனக்கு இன்னும் பதினான்கு மாதம். நான் சொன்னேன்:

“இல்லம்மா.”

“சரிண்ணா. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்.”

போய்விட்டார். மூன்று வாரம் கழித்து, முதலாண்டு ஆய்வகத்தில் பிள்ளைகளின் நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருக்கும்போது மேசையிலேயே சாய்ந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் உயிர் போய்விட்டது.

அடக்கம் முடிந்த மறுநாள் மாப்பிள்ளை அந்தப் பதினாலு நோட்டையும் என்னிடம் கொண்டுவந்தார். ‘எனக்கு ஒண்ணும் புரியலை மச்சான், நீங்க வச்சுக்கங்க’ என்றார். கடைசி நோட்டின் கடைசிப் பக்கத்தில் மூன்று வரி. முதல் வரி: ‘சூடு?’ இரண்டாவது வரி: ‘அண்ணா இல்லை என்கிறார்.’ முதல் வரியை அடித்திருக்கிறார். மூன்றாவது வரி: ‘அப்படியானால் தப்பு என்னுடையது.’

ஐயோ! ஆறு வருடம் தேடி, சரியான இடத்துக்கு வந்து, கதவைத் தட்டினார். நான் உள்ளே இருந்துகொண்டு ஆள் இல்லை என்று சொல்லிவிட்டேன். தன்னுடையது சரி என்று தெரியாமலே போய்விட்டார். மாப்பிள்ளை, இதை உங்கள் வீட்டில் வந்து சொல்லியிருக்க வேண்டும். இரண்டு தடவை வந்தேன். தெருமுனையில் உங்கள் வண்டி நிற்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டேன். இன்றைக்கு நாலு பேருக்கு முன்னால் சொல்கிறேன். நீங்கள் என்னை அடித்தாலும் நான் கையைத் தூக்க மாட்டேன்.

நோட்டுகளோடு மாப்பிள்ளை இன்னொன்றும் கொண்டுவந்தார். லைசென்ஸ் விண்ணப்பங்கள் வைக்கிற தகரப் பெட்டிக்குள் ஒரு சின்னக் கண்ணாடிப் பெட்டி. மேலே தங்கச்சியின் கையெழுத்து: ‘ஒன்றே கால். ஓரம் கிழிசல். உதவாது.’ அதே நாட்களில் அவர் செய்த இன்னொரு சாம்பிள். கிழிந்துபோனதென்று ஒதுக்கி வைத்தது. குழு கேட்டபோது கணக்கிலேயே வராதது. உலை என்றால் என்னவென்று தெரியாத சாம்பிள்!

இரண்டு நாள் தேடி, கிழியாத ஒரு மூலையைக் கண்டுபிடித்தோம். அன்றைக்கு என் அறையில் பேசிப் பார்த்த அதே ஆய்வு மாணவி, இப்போது முனைவர், பக்கத்தில் இருந்தார். வேறு துறையிலிருந்து இரண்டு பேரைச் சாட்சிக்குக் கூப்பிட்டோம். வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்கு லேசரைப் போட்டோம்.

இருந்தது! மேடு இருந்தது! அதே இடம், அதே எறும்புப் புற்று! பச்சை போட்டோம், நகர்ந்தது. சிவப்பு போட்டோம், நகர்ந்தது. பிறகு குழு சோதித்த பழைய சாம்பிளையும் அலமாரியிலிருந்து எடுத்து, பதினோரு வரி அறிக்கைக்கு வேண்டாமென்று அன்றைக்கு விட்டுவிட்ட மற்ற மேடுகளையும் அளந்தோம். அது நேராக அடுக்கிய சாதாரண இரட்டை ஏடாகிவிட்டிருந்தது. கோணம் என்பதே இல்லை. இல்லாத கோணத்தில் அதிர்வைத் தேடி, இல்லை என்று எழுதியிருக்கிறார்கள்.

இரண்டாவது வரிசையில் யாரோ முணுமுணுக்கிறீர்கள். ‘இரங்கல் கூட்டத்தில் இதெல்லாமா’ என்கிறீர்கள். வேறு எங்கே பேசுவது? விசாரணை அறையில் எனக்கு நாற்காலி போட்டீர்களா? கருத்தரங்கங்களில் புரஜெக்டர் வயரைப் பிடித்துக்கொண்டு நின்றதைத் தவிர எனக்கு என்ன இடம் கொடுத்தீர்கள்? இந்த வளாகத்தில் என் கைக்கு வந்த முதல் மைக் இது. ஆமாம், பழி வாங்கத்தான் வந்தேன். சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு, பேச வேண்டியதை நாலு தடவை கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்துவிட்டுப் பழி வாங்க வந்திருக்கிறேன். கண்ணீர் விட வந்தவர்கள் விட்டுக்கொள்ளுங்கள். என்னுடையது வற்றிப்போயிற்று, கோபம்தான் இருக்கிறது.

ஐயா, அந்தப் போனைக் கீழே வையுங்கள். யாருக்குச் செய்தி அனுப்பினாலும் பயன் இல்லை. ரிஜிஸ்டர் பக்கத்தின் நகல், நாற்பத்தொன்றாம் பக்கத்தின் நகல், வெள்ளிக்கிழமை அளந்த வரைபடங்கள், எல்லாம் இன்று காலை ஒன்பது மணிக்கே போய்ச் சேர்ந்துவிட்டன. இயக்குநர் மேசைக்கு ஒன்று. கட்டுரையை வெளியிட்டுத் திரும்பப் பெற்ற பத்திரிகைக்கு ஒன்று. உங்களுக்குப் பதக்கம் கொடுத்த மூன்று சங்கங்களுக்கு மூன்று. எல்லாவற்றுக்கும் மேலே என் வாக்குமூலம். அதில் முதல் குற்றவாளி என்று என் பெயரைத்தான் எழுதியிருக்கிறேன். வேலை போகட்டும், பதினான்கு மாதம் எந்த மூலைக்கு! நான் தனியாகப் போக மாட்டேன், அவ்வளவுதான்.

மேடத்தின் பெயரில் ஆண்டுதோறும் நினைவுச் சொற்பொழிவு நடத்தப்போவதாகவும், முதல் சொற்பொழிவைத் தானே ஆற்றப்போவதாகவும் ஐயா சற்று முன் அறிவித்தார். கை தட்டினீர்கள். நானும் தட்டினேன். ஆற்றுங்கள், ஐயா! தலைப்பையும் நானே தருகிறேன்: ‘முந்நூற்று ஐம்பது டிகிரியில் நான் செய்தது.’ புரஜெக்டர் வயரை நானே பிடித்துக்கொள்கிறேன்.

தங்கச்சியின் வேலை நிற்காது. இது சும்மா மேடைக்காகச் சொல்வதில்லை. ஒன்றே கால் டிகிரியில் அந்த அதிர்வு இருக்கிறது. ஒன்றில் இருக்கிறதா, ஒன்றரையில் இருக்கிறதா, எந்தக் கோணத்தில் பிறந்து எந்தக் கோணத்தில் அடங்குகிறது? ஒன்பது கோணங்களின் பட்டியல் அவருடைய பதின்மூன்றாவது நோட்டில் இருக்கிறது. அந்த முனைவர் பெண் ஏடு இறக்க ஒப்புக்கொண்டிருக்கிறார். என்னை உள்ளே விட்டால் மெஷினை நான் ஓட்டுவேன். விடாவிட்டால் வாசலில் நின்று சொல்லிக்கொடுப்பேன். ஒன்பதையும் அளப்போம். அளந்தது என்னவோ அதை எழுதுவோம். முதல் பெயராக அவர் பெயர் இருக்கும். அந்தப் பதினோரு வரி அறிக்கை, போட்ட அதே மூன்று கையெழுத்துகளோடு, திரும்பப் பெறப்பட்டது என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும் வரைக்கும் நான் இந்த மூன்று பேரையும் தூங்க விட மாட்டேன். இது என் சபதம்.

நிகழ்ச்சி நிரலில் அடுத்ததாக ஒரு நிமிட மௌனம் என்று போட்டிருக்கிறது. ஆன்மா அமைதி அடைய வேண்டும் என்று சொல்லி நான் முடிக்க வேண்டுமாம். சொல்ல மாட்டேன். ‘தப்பு என்னுடையது’ என்று எழுதிவிட்டுப் போன ஆன்மாவுக்கு நம்முடைய ஒரு நிமிடத்தில் என்ன அமைதி வந்துவிடும்? ஆறு வருடம் இந்தக் கட்டடம் முழுக்க மௌனம்தானே இருந்தது! நான் இருந்தேன், அந்த இரண்டு பேராசிரியர்களும் இருந்தார்கள், சந்தேகப்பட்டும் கேட்காமல் இருந்த நீங்கள் எல்லோரும் இருந்தீர்கள்.

எழுந்து நில்லுங்கள். அதற்கு நான் தடை சொல்லவில்லை. தங்கச்சிக்கு எழுந்து நிற்கலாம். ஆனால் அதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் வர வேண்டும். மிச்சமெல்லாம் காகிதத்தில் இருக்கிறது. இது ஒன்று மட்டும் வாயிலிருந்து வர வேண்டும்.

ஐயா, முந்நூற்று ஐம்பது வை என்று சொன்னபோது, அந்தக் கோணம் போய்விடும் என்று உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?

மாப்பிள்ளை உங்களுக்கு எதிரே பத்தடி தூரத்தில் உட்கார்ந்திருக்கிறார். அவரைப் பார்த்துச் சொல்லுங்கள். நான் முடித்துவிட்டேன். மைக்கை உங்கள் பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன்.